ஒருமுறை பயன்படுத்தும் உணவுக்கலங்களின் வேதிப் பாதுகாப்பு

ஒருமுறை பயன்படுத்தும் உணவுக்கலங்கள் எனப்படுபவை, ஒருதடவை உண்ணவோ பருகவோ பயன்படுத்தியபின் எறியப்படும் குவளை, தட்டு, கிண்ணம், கரண்டி முதலியனவாகும். இவை நெகிழி, தெர்மோக்கோல், காகிதம், கரும்புச்சக்கை போன்றவற்றால் செய்யப்படுகின்றன. கலத்திலுள்ள வேதிப்பொருட்கள் சிறிதளவில் உணவுடன் கலப்பது இடப்பெயர்ச்சி எனப்படும்.

காரணிகள்

உணவின் வெப்பம், கலத்தில் அது இருக்கும் நேரம், உணவிலுள்ள எண்ணெய் ஆகியவை கூடும்போது இடப்பெயர்ச்சியும் கூடுகிறது. எனவே ஒரே கலத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் சூடான குழம்பை ஊற்றுவதும் ஒன்றல்ல.

பாலிசுடைரீன்

தெர்மோக்கோல் என்பது காற்றுக் குமிழ்கள் நிறைந்த பாலிசுடைரீன் ஆகும். சுடைரீன் மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து பாலிசுடைரீன் உருவாகிறது. இணையாமல் எஞ்சும் சிறிதளவு சுடைரீனே உணவில் கலக்கிறது. பாலிசுடைரீன் ஏறத்தாழ 100 °செ வெப்பநிலையில் இளகும். எலுமிச்சைத் தோலின் எண்ணெயிலுள்ள லிமோனீன் இதனைக் கரைக்கவல்லது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018 இல் சுடைரீனை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் பிரிவான 2ஏ இல் சேர்த்தது. இவ்வகைப்பாடு சான்றின் வலிமையைக் காட்டுகிறதே தவிர, ஒரு குவளைத் தேநீரால் விளையும் தீங்கின் அளவைக் காட்டுவதன்று. அந்த அளவு, உடலுக்குள் செல்லும் சுடைரீனின் அளவைப் பொறுத்தது. இலவங்கப்பட்டையிலும் சுடைரீன் இயற்கையாக உள்ளது. குடிநீரில் இதற்கான உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.02 மி.கி. ஆகும்.

காகிதக் கலங்கள்

காகிதக் குவளை முழுதும் காகிதமன்று. நீர் கசியாதிருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பாலித்தீன் படலம் பூசப்படுகிறது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், இத்தகைய குவளையில் 100 மி.லி. சூடான நீர் 15 நிமிடங்கள் இருந்தபோது ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் வெளிப்பட்டதாக 2021 இல் வெளியிட்டனர். இத்துகள்களால் உடலுக்கு நேரும் விளைவு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

எண்ணெய் ஊறாதிருக்கச் சில காகிதத் தட்டுகளிலும் கரும்புச்சக்கைத் தட்டுகளிலும் புளோரின் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. இவை எளிதில் சிதைவதில்லை. இப்பயன்பாட்டிற்கான விற்பனை ஐக்கிய அமெரிக்காவில் நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 இல் அறிவித்தது.

சட்டங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டு விதிகளின்படி, நெகிழியிலிருந்து உணவிற்குச் செல்லும் பொருட்களின் மொத்த அளவு, உணவு படும் பரப்பின் ஒவ்வொரு சதுர டெசிமீட்டருக்கும் 10 மி.கி. ஐத் தாண்டலாகாது. இலங்கை 2017 செப்டம்பரில் பாலிசுடைரீன் உணவுப்பெட்டிகளைத் தடைசெய்தது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தெர்மோக்கோல் தட்டுகளும் நெகிழி பூசிய காகிதக் குவளைகளும் தடைசெய்யப்பட்டன. இத்தடைகளின் முதன்மை நோக்கம் குப்பையைக் குறைப்பதாகும். வேதிப் பாதுகாப்பிற்கு, தடைக்குப் பின் மாற்றாக வரும் கலங்களும் சோதிக்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நெகிழி
* பாலிசுடைரீன்
* வாழையிலை