மேசைக் கணினிக் குளிர்விப்பு
மேசைக் கணினியின் மையச் செயற்பகுதியில் தோன்றும் வெப்பத்தை அகற்றக் காற்று, நீர் என இரு முறைகள் பயன்படுகின்றன. முன்னதில் செம்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் ஏற்கும் வெப்பத்தை விசிறி வெளியேற்றுகிறது. பின்னதில் எக்கி ஒன்று நீர்மத்தைச் சுழற்றி வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. அங்கும் இறுதியில் விசிறியே வேலை செய்வதால், நீர்முறையாலும் செயற்பகுதியை அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது. இதனைப் பலர் தவறாகக் கருதுவதுண்டு.

ஆப்பிளின் பவர் மாக் ஜி5 இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 2003 இல் வெளிவந்த அதன் முதல் மாதிரிகள் ஒன்பது விசிறிகளைக் கொண்டிருந்தன. 2004 இல் வந்த 2.5 கிகாகெர்ட்சு இரட்டைச் செயற்பகுதி மாதிரியில் நீர்மக் குளிர்விப்பு இடம்பெற்றது. சில ஆண்டுகளில் அவற்றுட் சில கணினிகளில் நீர்மம் கசிந்து உட்பாகங்கள் அரிக்கப்பட்டன. 2006 இல் வெளியான மாக் புரோ மீண்டும் காற்றுக்கே திரும்பியது.

65 வாட்டு அளவிலான செயற்பகுதிக்கு எளிய காற்றுக் குளிர்விப்பான் போதுமானது. இன்டெல் கோர் ஐ9-14900கே போன்றவை முழுச்சுமையில் 253 வாட்டு வரை கொள்வதால், அவற்றுக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் விரும்பப்படுகிறது. பெரிய காற்றுக் குளிர்விப்பான்கள் ஒரு கிலோகிராமுக்கு மேல் எடையும் 160 மில்லிமீட்டருக்கு மேல் உயரமும் உடையவை. கணினிப் பெட்டியின் அகலத்தை முன்னரே அளந்து பார்த்தல் வேண்டும்.

விசிறி நின்றால் அதனை மட்டும் மாற்றலாம். எக்கி நின்றால் மூடிய அமைப்பு முழுவதையும் மாற்ற நேரிடும். அத்தகைய அமைப்பில் நீர்மம் குழாய்ச் சுவர்கள் வழியே மெல்லக் குறைந்து காற்றுக் குமிழிகள் சேர்வதால், எக்கியைச் சுற்றின் மிக உயர்ந்த இடத்தில் அமைத்தலாகாது.