வெள்ளை சட்டையில் ஒட்டிய பெல்ட் சாயம்! வீட்டில் தோல் பொருள் செய்பவர்கள் கவனத்துக்கு

சென்னை:
பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து போன்ற தோல் பொருட்களை வீட்டிலேயே கையால் செய்வது நல்ல பொழுதுபோக்கு. தோலில் பூ, கொடி, பெயர் என்று அச்சு குத்தி, சாயம் ஏற்றி, பளபளப்பு கொடுத்தால் கடையில் கிடைக்காத பொருள் கையில் இருக்கும். ஆனால் ஆசையாக தொடங்கும் பலர் கடைசி கட்டத்தில் கோட்டை விட்டு விடுகிறார்கள். காரணம் கைத்திறன் இல்லாதது அல்ல. அவசரம்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நிருபருக்கு நடந்த கதை

இதை எழுதும் நிருபருக்கே நடந்தது இது. தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு மாப்பிள்ளைக்கு என் கையால் ஒரு பெல்ட் செய்து கொடுத்தேன். கொடி டிசைன், நடுவில் அவர் பெயரின் முதல் எழுத்து. ராத்திரி 10 மணிக்கு பழுப்பு சாயம் பூசி, ஃபேன் காற்றில் காயவைத்து, விடிந்ததும் கையில் கொடுத்து விட்டேன்.

ஹோமப் புகை, கூட்டம், வியர்வை. மதியம் பந்திக்கு வரும்போது மாப்பிள்ளையின் புது வெள்ளை சட்டையில் இடுப்பை சுற்றி பழுப்புக் கோடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சிதான், "ஏண்ணே, இதுக்கு கடையிலயே ஒண்ணு வாங்கியிருக்கலாமே" என்றாள். சட்டையை மூன்று முறை துவைத்தும் கறை போகவில்லை.

அந்த ஒரு கறைக்கு பின்னால் எத்தனை தப்பு இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அதை ஒவ்வொன்றாக பார்க்கலாம்.

முதல் கேள்வி: எந்த தோல்?

தோலில் இரண்டு ரகம் முக்கியம். ஒன்று குரோம் தோல். குரோமியம் உப்பு போட்டு பதனிடுவது. வேகமாக பதமாகும், மெத்தென்று இருக்கும். நாம் போடும் ஷூ, தோள் பை எல்லாம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று பட்டைத் தோல். மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்புச் சத்தில் ஊறவைத்து பதனிடுவது. நம்ம ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்கு பேர் போனவை. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் ஏறிய இந்த தோலை வியாபாரிகள் இன்றும் 'ஈ.ஐ. தோல்' என்கிறார்கள். அதாவது ஈஸ்ட் இந்தியா தோல். இதற்கு புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அச்சு குத்த வேண்டும் என்றால் பட்டைத் தோல்தான் சரி. தண்ணீரில் நனைத்து அழுத்தினால் அந்த தடம் அப்படியே நிற்கும். குரோம் தோலில் என்னதான் தட்டினாலும் ஸ்பாஞ்ச் மாதிரி மேலே எழும்பி வந்து விடும். இது தெரியாமல் குரோம் தோலை வாங்கி வந்து, 'எனக்கு கை வரலை' என்று விட்டவர்கள் உண்டு.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம்

சென்னை பெரியமேட்டில் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சதுர அடி கணக்கில் விற்பார்கள். வாங்கும்போது கீழ்க்கண்டதை கவனியுங்கள்.

* வெட்டிய ஓரத்தை பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். இளம் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்கலாம்.

* கடைக்காரரிடம் கேட்டு ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். பூச்சு இல்லாத பட்டைத் தோல் உடனே உறிஞ்சி கருத்து விடும். அந்த இடத்தை நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கும்.

* கனம் பாருங்கள். பெல்ட்டுக்கு 3 முதல் 4 மில்லி மீட்டர். பர்சுக்கு 1 முதல் 1.5 மில்லி மீட்டர் போதும்.

* முதல் வேலைக்கு முழுத் தோல் வேண்டாம். வெட்டு துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சாவிக்கொத்து செய்து கை பழகிய பிறகு பெல்ட்டுக்கு போகலாம்.

நனைப்பதில்தான் சூட்சுமம்

தோலை காய்ந்தபடியே தட்டினால் அச்சு பதியாது. சொட்டச் சொட்ட நனைத்துத் தட்டினாலும் வழவழவென்று அழிந்து விடும். ஸ்பாஞ்சால் தோல் முழுவதையும் ஒரே சீராக நனைக்க வேண்டும். டிசைன் வரும் இடத்தை மட்டும் நனைத்தால் தண்ணீர்க் கறை விழும்.

நனைத்ததும் கை வைக்காமல் பொறுத்திருங்கள். கருத்த தோல் மெல்ல பழைய நிறத்துக்கு திரும்ப ஆரம்பிக்கும். ஆனால் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும். அதுதான் பதம்.

டிரேசிங் பேப்பரில் வரைந்த டிசைனை தோல் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி கோடு இழுக்கலாம். பிறகு சுழலும் தலை கொண்ட கத்தியால் அந்த கோட்டை மேலாக கீற வேண்டும். தோலின் பாதி கனத்துக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது. பெல்ட் மடங்கும்போது அந்த இடத்தில் பிளந்து விடும்.

அதன்பிறகு அச்சு உளிகளை வைத்து தட்ட வேண்டும். கோட்டுக்கு வெளிப்பக்கத்தை அழுத்தினால் பூ மேலே எழும்பி வந்தது மாதிரி தெரியும். தட்டுவதற்கு இரும்பு சுத்தியல் வேண்டாம். மரச் சுத்தியல் நல்லது. அடியில் கருங்கல் பலகை வேண்டும். கிரானைட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டே போதும்.

இன்னொரு விஷயம். மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் ராத்திரியில் தட்ட வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்!

இரும்பு பட்டால் கருப்பு

ஈரமான பட்டைத் தோலில் இரும்புத் தூளோ துருவோ பட்டால் கருநீலப் புள்ளி விழும். துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருப்பாகும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இதே கணக்குதான். கலம்காரி துணியில் கருப்புக் கோடு போடுவதற்கும் இரும்பை வெல்லத்தண்ணீரில் ஊறவைத்துதான் கரைசல் எடுக்கிறார்கள்.

எனவே தோல் நனைக்க இரும்புச் சட்டி வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி பாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள். துருப்பிடித்த கத்தியையும் தள்ளி வையுங்கள்.

இதே விஷயத்தை நமக்கு சாதகமாகவும் ஆக்கிக் கொள்ளலாம். சாதா வினிகரில் இரும்பு ஆணிகளை போட்டு ஒரு வாரம், பத்து நாள் வைத்தால் ஒரு கரைசல் கிடைக்கும். வடிகட்டி பட்டைத் தோலில் பூசினால் சில நிமிடத்தில் தோல் கருப்பாகும். இதில் நிறம் மேலே ஒட்டி நிற்காமல் தோலுக்குள்ளேயே உருவாகிறது. அதனால் துணியில் ஒட்டும் தொல்லை மிகவும் குறைவு. கருப்பானதும் சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, காய்ந்தபிறகு எண்ணெய் தடவ வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரை போட்டால் இது நடக்காது. அது வினிகரில் லேசில் கரையாது. பாட்டில் மூடியை இறுக்கியும் மூடாதீர்கள். உள்ளே வாயு உண்டாகி பாட்டில் வெடிக்கும் அபாயம் இருக்கிறது.

சாயம் ஏன் ஒட்டுகிறது?

இப்போது சட்டைக் கறைக்கு வருவோம். தோல் சாயத்தில் ஸ்பிரிட்டில் கரைத்தது, தண்ணீரில் கரைத்தது என்று இரண்டு வகை உண்டு. ஸ்பிரிட் சாயம் சீக்கிரம் காயும். ஆனால் தோல் குடித்தது போக மீதி சாயம் மேலே பொடியாக நிற்கும். கண்ணுக்கு காய்ந்த மாதிரி தெரியும். வியர்வை பட்டதும் அந்த பொடி கரைந்து துணியில் ஏறி விடும். மாப்பிள்ளை சட்டைக்கு நடந்தது இதுதான்.

சாயம் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை:-

* அச்சு குத்திய தோல் முழுவதும் காயட்டும். நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும்.

* முதலில் வெட்டு துண்டில் பூசி நிறம் பாருங்கள். டப்பாவில் தெரியும் நிறம் வேறு, தோலில் வரும் நிறம் வேறு.

* திட்டுத்திட்டாக வராமல் இருக்க வட்டம் வட்டமாக தேயுங்கள். கெட்டியாக ஒரு கை பூசுவதைவிட லேசாக இரண்டு கை நல்லது.

* ஒரு நாள் முழுக்க காயவிட்டு, பழைய பனியன் துணியால் அழுத்தி தேயுங்கள். துணியில் நிறம் வரும். வேறு துணி மாற்றி மறுபடியும் தேயுங்கள். நிறம் வருவது நிற்கும்வரை தேய்க்க வேண்டும். பெரும்பாலானோர் விட்டு விடுவது இந்த வேலையைத்தான்.

எண்ணெயும் பூச்சும்

சாயம் ஏறிய தோல் காய்ந்துபோய் விறைப்பாக இருக்கும். தோலுக்கென்று விற்கும் எண்ணெயை லேசாக தடவி ஒரு ராத்திரி விட வேண்டும். சமையல் எண்ணெய் தடவினால் நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய் அதிகமானால் மேலே போடும் பூச்சும் நிற்காது.

கடைசியாக மெழுகு அல்லது அக்ரிலிக் பூச்சு. இதையும் மெல்லிசாக இரண்டு கை கொடுங்கள். சாயப்பொடியை தேய்த்து எடுக்காமல் பூச்சு போட்டால், பூச்சோடு சாயமும் கலந்து வரும். பூச்சு என்பது பூட்டு மாதிரி. உள்ளே குப்பையை வைத்து பூட்டி பிரயோஜனம் இல்லை.

ஓரத்தையும் விட்டு விடாதீர்கள். எமரி பேப்பரால் தேய்த்து, லேசாக ஈரப்படுத்தி, வழவழப்பான மரக்கட்டையால் வேகமாக உரசினால் கண்ணாடி மாதிரி ஆகும். மேலே தேன்மெழுகு தடவலாம்.

தையல் வராதவர்கள் கூச்சப்படாமல் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கேளுங்கள். குத்தூசியில் துளை போட்டு மெழுகு நூலில் இருபக்கமும் இழுத்து தைப்பதை அவரைப் போல யாரும் காட்ட முடியாது. அவர் வேலை கெடும் நேரத்துக்கு உரிய கூலியையும் கொடுத்து விடுங்கள்.

வெள்ளைத் துணி சோதனை

தோல் தொழிலில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க தனி சோதனையே இருக்கிறது. வெள்ளை கம்பளத் துண்டை எந்திரத்தில் பொருத்தி, தோல் மேல் முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். காய்ந்தபடி ஒரு முறை, ஈரமாக ஒரு முறை, செயற்கை வியர்வையில் நனைத்து ஒரு முறை. சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இப்படி தோலை சோதிக்க வசதி இருக்கிறது.

நாம் வீட்டில் எந்திரத்துக்கு எங்கே போவது? வெள்ளைக் கைக்குட்டை போதும். காய்ந்த துணியால் 20 தடவை, ஈரத் துணியால் 20 தடவை தேயுங்கள். வியர்வைக்கு பதில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தொட்டும் தேய்த்துப் பாருங்கள். துணி வெள்ளையாக இருந்தால் மட்டும் அடுத்தவர் கையில் கொடுங்கள்.

உஷார்... உஷார்...

ஸ்பிரிட் சாயம் தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு, கொசுவர்த்தி, சாமி விளக்கு பக்கத்தில் வேண்டாம். ஜன்னலை திறந்து வைத்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள். ஓரம் தேய்க்கும்போது தூசி மூக்கில் ஏறாமல் முகமூடி போடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் சாயத்தை வையுங்கள். மிஞ்சிய குரோம் தோல் துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது. குரோமியம் விஷத்தன்மை உள்ளதாக மாற வாய்ப்பு இருக்கிறது.

செய்து முடித்த பொருளை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூசணம் பூக்கும். துணிப்பையில் வையுங்கள்.

அது சரி, மாப்பிள்ளை பெல்ட் என்னாச்சு என்று கேட்கிறீர்களா? அதையே திரும்ப வாங்கி, மூன்று நாள் தேய்த்து, எண்ணெய் காட்டி, பூச்சு கொடுத்து, கைக்குட்டை சோதனையும் முடித்து கொடுத்தேன். தீபாவளிக்கு வந்தபோது வெள்ளை சட்டை மேல் அதைத்தான் கட்டியிருந்தார். தங்கச்சி மட்டும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் இடுப்பையே பார்த்துக் கொண்டிருந்தாள் என்பது குறிப்பிடத்தக்கது.