பயின்ற சபையைப் போற்றிய கலைஞர்கள்

நுழையும்முன்

தமிழகத்தின் பெரும்பாடகர்களாகவும் நடிகர்களாகவும் விளங்கியோர் பலர், இளம்வயதிலேயே பாலர் நாடக சபைகளில் சேர்ந்து பயின்றவர்கள். அச்சபைகளுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை; நிலையான ஊரும் இல்லை. அவற்றில் பயின்ற கலைஞர்கள் தம்மை வளர்த்த சபையையும் ஆசிரியரையும் எவ்வாறு போற்றினர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தொடக்கத்தை நாடும் உள்ளம்

புகழின் உச்சியை அடைந்த பின்னும் தாம் தொடங்கிய இடத்திற்குத் திரும்பிச் செல்லும் வழக்கம் உலகெங்கும் இசைக்கலைஞரிடையே உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உழைப்பிலும் துயரிலும் பிறந்த இசை ‘புளூஸ்’ எனப்படும். அவ்விசையின் மூத்த கலைஞரான பி.பி.கிங் (1925–2015), மிசிசிப்பி மாநிலத்தின் இண்டியனோலா என்னும் சிற்றூரில், இளமையில் தெருமுனையில் நின்று பாடியவர். உலகப்புகழ் பெற்ற பிறகும் அவர் ஆண்டுதோறும் அவ்வூருக்கு வந்து மக்களுக்காகப் பாடினார். அங்கு அவர் பல்லாண்டுகள் பாடிய ‘கிளப் எபனி’ என்னும் இசைக்கூடத்தின் உரிமையாளர் ஓய்வுபெற்றபோது, 2008ஆம் ஆண்டில் அதனைத் தாமே விலைகொடுத்து வாங்கினார். தொடங்கிய இடத்தின்மீது கொண்ட நன்றி, அங்கே ஒரு கட்டடத்தைக் காக்கும் செயலாக வெளிப்பட்டது.

தமிழகத்தின் பாடக நடிகர்களுக்கும் அத்தகைய நன்றியுணர்வு இருந்தது. ஆனால், அவர்கள் காப்பதற்குக் கட்டடம் எதுவும் இல்லை. எனவே, அவர்களின் நன்றி வேறு வடிவங்களை நாடியது.

ஊர் ஊராய்ச் சென்ற சபை

இன்று ‘சபா’ என்றால் இசைக் கச்சேரிகளை நடத்தும் அமைப்பு நம் நினைவுக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடகக் குழுக்களும் சபை என்றே அழைக்கப்பட்டன. அவை இருவகைப்பட்டன. பம்மல் சம்பந்தனார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, கற்றறிந்தோர் தம் ஓய்வுநேரத்தில் நடித்த பயில்முறைக் குழுவாகும். நாடகத்தையே தொழிலாகக் கொண்ட குழுக்கள் மற்றொரு வகை. அவற்றுள் சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்டவை பாலர் சபைகள். மக்கள் அவற்றைப் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று வழங்கினர்.

பாலர் சபையினர் ஓர் ஊரில் கொட்டகை அமைத்துச் சில வாரங்களோ சில மாதங்களோ தங்குவர்; வருவாய் குறைந்ததும் திரைகளையும் உடைப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்வர். சமையல், உறக்கம், பாடம், ஒத்திகை அனைத்தும் கம்பெனி வீட்டிலேயே நடைபெறும். சிறுவர்களுக்கு அதுவே வீடு; அதுவே பள்ளி.

அக்கால நாடகங்கள் பெரும்பாலும் பாடல்களால் ஆனவை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். ஆகவே, நடிகன் என்பவன் முதலில் பாடகனாக இருக்க வேண்டியிருந்தது. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரல்வளம் இவ்வாறு மேடையில் வளர்ந்ததே. பி.யு.சின்னப்பாவும் எம்.ஜி.இராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்றனர்.

நாடகத் தலைமையாசிரியர்

பாலர் சபைகளுக்கு ஒழுங்கும் இலக்கிய வளமும் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். இவர் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். புதுக்கோட்டையில் தாள இசை மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் இசைநுட்பம் கற்றார். நடிகராகத் தம் நாடக வாழ்வைத் தொடங்கிய அவர், பின்னர் நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவதிலும் ஈடுபட்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் முதலிய நாடகங்கள் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை எனப் பலவகை வடிவங்களை அவர் மேடைக்கு ஏற்ப ஆண்டார்.

அவர் காலத்துப் பெரியநடிகர் பலர், எழுதிய வசனத்தைப் பேசுவதில்லை. எதிரில் நிற்பவரை மடக்குவதற்காக மேடையிலேயே புதுக்கேள்விகளை எழுப்பினர். கதைக்குத் தொடர்பில்லாத பாடல்களைப் பாடினர். நாடகம் போட்டியாகத் திரிந்தது. இதனைக் கண்டு வருந்திய சுவாமிகள், இளம்வயதிலேயே முறையாகப் பயிற்றுவித்தால்தான் நாடகம் செம்மையுறும் என்று கருதினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அவர் நிறுவினார்.

அச்சபையில் சேர்ந்தவர்களே தி.க.சங்கரன், தி.க.முத்துசாமி, தி.க.சண்முகம் ஆகிய உடன்பிறந்தோர். இளையவரான தி.க.பகவதியும் பின்னர் அவர்களோடு இணைந்து நடித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற இவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் பெண்வேடம் ஏற்று நடித்தவர். சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு. நாரதர் வேடமே அவர் ஏற்ற முதல் வேடம். பின்னர் அவர் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே, ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் வழங்கும் செய்தி. ஒரு சிறுவனின் திறனை நம்பி ஆசிரியர் இரவெல்லாம் விழித்து எழுதினார் என்பதே, அச்சபையில் நிலவிய ஆசிரியர் மாணவர் உறவை உணர்த்தப் போதுமானது.

கடுமையும் கனிவும்

பாலர் சபை வாழ்க்கை இன்பமே நிறைந்ததன்று. பெற்றோரைப் பிரிந்த சிறுவர்கள் இரவெல்லாம் கண்விழித்து நடித்தனர். பிழை செய்தவருக்கு அடியும் கிடைத்தது. பள்ளிக்கல்வி பலருக்குக் கிட்டவில்லை. வறுமையே பல பிள்ளைகளைக் கம்பெனி வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது. குழந்தைகளை உழைப்பில் ஈடுபடுத்துவது தவறு என்று உணர்ந்துள்ள இக்காலம், அவ்வமைப்பை அப்படியே ஏற்க இயலாது.

இவற்றோடு மற்றோர் அச்சமும் சிறுவர்களைத் தொடர்ந்தது. பருவ வளர்ச்சியில் குரல் உடைவதை நாடகத்தார் ‘மகரக்கட்டு’ என்பர். நேற்றுவரை கொட்டகையை நிறைத்த குரல் ஒருநாள் திடீரெனக் கரகரக்கும், உச்சத்தை எட்டாது. குரல் மீளாவிடின் முதன்மை வேடம் கைநழுவும். சிலர் ஆர்மோனியத்திற்கும், சிலர் திரை இழுக்கும் பணிக்கும் மாறினர். சிலர் ஊர் திரும்பினர். புகழ்பெற்ற ஒருவரின் பெயருக்குப் பின்னால், பெயர் மறைந்த சிறுவர் பலர் இருக்கின்றனர்.

எனவே, மூத்த கலைஞர்கள் சபையைப் போற்றியபோது, அதன் கடுமையை மறந்து போற்றவில்லை. பசியும் கண்டிப்பும் இருந்த அதே இடத்தில்தான், எழுத்தும் இசையும் தமிழும் தமக்குக் கிடைத்தன என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நன்றியின் வடிவங்கள்

சுவாமிகள் 1921இல் வாதநோயால் தாக்குண்டார். பேச்சும் உடலியக்கமும் குன்றின. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் இயற்கை எய்தினார்.

ஆசிரியர் மறைந்த பிறகு, டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். சுவாமிகளின் நாடகங்களை அவர்கள் தொடர்ந்து நடத்தினர். நாகர்கோவிலைச் சேர்ந்த என்.எஸ்.கிருஷ்ணன் இச்சபையில் சேர்ந்து வளர்ந்தவரே. தாம் பெற்ற பயிற்சியை அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்கு வழங்கியதே, தம்மை வளர்த்த சபைக்கு அச்சகோதரர்கள் செலுத்திய முதல் நன்றி எனலாம்.

இரண்டாவது நன்றி எழுத்து வடிவில் அமைந்தது. ஔவையார் வேடத்தில் முதுமகளாகவே தோன்றி நடித்ததால் ‘ஔவை’ சண்முகம் என்று அழைக்கப்பட்ட தி.க.சண்முகம், சுவாமிகளின் வரலாற்றைத் ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்னும் நூலாக எழுதினார். தம் அனுபவங்களை ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலில் பதிவு செய்தார். கொட்டகை கலைந்துவிட்டால் சபைக்கு அடையாளமே இல்லை. அங்கு வாழ்ந்தவர்களின் நினைவு எழுத்தில் ஏறாவிட்டால், தமிழ் மேடையின் ஒரு காலகட்டமே மறைந்துபோயிருக்கும். நன்றிக்காக எழுதப்பட்ட நூல்கள் இன்று நமக்கு வரலாற்றுச் சான்றுகளாகப் பயன்படுகின்றன.

மேடையில் வாழும் சபை

மூன்றாவது நன்றி, பெயர் பெறாத நாடகக் கலைஞர்கள் செலுத்தி வருவது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களின்போது இசை நாடகங்கள் இன்றும் விடிய விடிய நடைபெறுகின்றன. இவை ‘ஸ்பெஷல் நாடகம்’ என வழங்கப்படும். இவற்றை நடத்துவதற்கு நிலையான குழு இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் அவர்கள், ஒத்திகை ஏதுமின்றி, அன்றிரவே மேடையில் ஒன்றுசேர்கின்றனர்.

முன்பின் சேர்ந்து பழகாத இருவர் வள்ளியாகவும் நாரதராகவும் நின்று தருக்கம் புரிவது எவ்வாறு இயல்கிறது? சுவாமிகள் வகுத்த கதைப்போக்கையும் பாடல்களையும் இருவரும் அறிந்திருப்பதே காரணம். ஒருவர் பாடலைத் தொடங்கினால் மற்றவர் மறுமொழிப் பாடலை எடுக்கிறார். ஆர்மோனியக் கலைஞர் உடன் பாடித் துணைநிற்கிறார். ஒத்திகையையும் ஒழுங்கையும் வலியுறுத்திய ஓர் ஆசிரியரின் நாடகங்கள், ஒத்திகையே இல்லாத மேடையிலும் கலைஞர்களை ஒன்றிணைக்கின்றன. ஒரு காலத்தில் கம்பெனி வீடு தந்த ஒருமைப்பாட்டை, இன்று அவருடைய நாடகப்பனுவல் தருகிறது.

சுவாமிகளின் உடல், நெல்லிக்குப்பம், கடலூர் ஆகிய ஊர்களுக்கு வடக்கே உள்ள புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவர் மறைந்த நவம்பர்த் திங்களில் நாடகக் கலைஞர்கள் அங்குச் சென்று மலர்தூவி வணங்குகின்றனர். மதுரையிலும் நாடக நடிகர்கள் அவருக்குக் குருபூசை நடத்துகின்றனர். அவர்களுள் எவரும் சுவாமிகளை நேரில் கண்டவரல்லர். அவருடைய சபையில் தங்கிப் பயின்றவரும் அல்லர். எனினும், அவர் எழுதிய பாடலைப் பாடியே முதன்முதலில் மேடை ஏறியதால், அவரையே தம் ஆசிரியராகக் கொள்கின்றனர்.

நிறைவாக

கட்டடமாக நிற்கும் அரங்கினைப் பொருள் கொடுத்துக் காக்கலாம். நடமாடும் சபையைக் காப்பதற்கு அங்குக் கற்றதைக் கைவிடாதிருத்தலும், கற்பித்தவரை எழுத்தில் நிலைநிறுத்தலும், பிறர்க்குக் கற்பித்தலுமே வழிகள். பாலர் சபைகளில் வளர்ந்த நம் கலைஞர்கள் இவ்வழிகளில் நின்றனர். அவர்கள் தங்கிய கம்பெனி வீடுகளை இன்று நம்மால் அடையாளம் காட்ட இயலாது. ஆயினும், ஏதேனும் ஓர் ஊரின் திருவிழா இரவில் ஆர்மோனியம் ஒலிக்க, வள்ளி தினைப்புனம் காக்க வரும்போது, 1918இல் மதுரையில் தொடங்கிய பாடம் அங்கே தொடர்கிறது.