உங்கள் குடும்ப மருத்துவர் நிலையத்திடமிருந்து தகவல் பெறுதல்: நோயாளரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

இங்கிலாந்தில் வாழும் பெரும்பாலானோருக்கு மருத்துவ உதவியின் முதல் வாயில் குடும்ப மருத்துவர் நிலையமே ஆகும். நாம் பேச்சு வழக்கில் ‘ஜி.பி’ என்றும் ‘சர்ஜரி’ என்றும் அழைப்பது இந்நிலையத்தைத்தான். இரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவமனைக்கான பரிந்துரை, தொடர் மருந்துகள், தடுப்பூசி அழைப்பு ஆகிய பலவும் இதன் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே, உரிய தகவல் உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நிலையம் எவ்வழிகளில் தகவல் தெரிவிக்கிறது, அத்தகவல் தவறிப்போகாமல் இருக்க நீங்கள் செய்ய வேண்டியவை யாவை, தகவல் கிடைக்காதபோது யாரை நாடலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. இங்குள்ள விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சில நடைமுறைகள் வேறுபடும்.

முக்கியக் குறிப்புகள்

• பரிசோதனைக்குப் பின் எச்செய்தியும் வராவிட்டால், முடிவு நன்றாக உள்ளது என்று எண்ணிவிடாதீர்கள். கேட்டு உறுதி செய்யுங்கள்.
• முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் உடனே நிலையத்திற்கு அறிவியுங்கள்.
• மொழிபெயர்ப்பாளர் உதவி இலவசம். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.
• நீங்கள் ஒருவரைப் பராமரிப்பவர் எனில், அதனை உங்கள் நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

நிலையம் தகவல் தெரிவிக்கும் வழிகள்

ஒவ்வொரு குடும்ப மருத்துவர் நிலையமும் தனது சேவைகள், திறந்திருக்கும் நேரம், பணியாற்றும் மருத்துவர்கள், முறையீடு செய்யும் வழி ஆகியவற்றை விளக்கும் தகவல் ஏட்டினை வைத்திருக்க வேண்டும். இவ்விவரங்களை நிலையத்தின் இணையதளத்திலும் காணலாம். தரக் கண்காணிப்பு ஆணையம் ஒரு நிலையத்திற்குத் தர மதிப்பீடு வழங்கியிருந்தால், அதனை நோயாளர் பார்க்கக்கூடிய இடத்தில் நிலையம் வெளியிட வேண்டும். 2015 ஏப்ரல் முதல் இது சட்டப்படி கட்டாயமாகும்.

தனிப்பட்ட தகவல்கள் பொதுவாகக் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, கடிதம், என்.எச்.எஸ் செயலி ஆகிய வழிகளில் வருகின்றன. எந்த வழி உங்களுக்கு வசதியானது என்பதை நிலையத்திடம் கூறலாம். கைப்பேசியைப் பயன்படுத்தாதவர்கள் கடிதம் அல்லது தொலைபேசி அழைப்பு வேண்டுமெனத் தயங்காமல் கேட்கலாம்.

பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவை உள்ளோருக்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு. பெரிய எழுத்து, பிரெய்ல், ஒலிப்பதிவு, எளிய வாசகம், சைகை மொழி போன்றவற்றுள் தமக்குத் தேவையானது எது என்பதை அவர்கள் நிலையத்திற்குத் தெரிவிக்கலாம். அதனைப் பதிவு செய்து அதன்படி நடப்பது நிலையத்தின் கடமையாகும். 2016 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள தகவல் அணுகல் நெறிமுறை இதனை வலியுறுத்துகிறது.

முகவரியும் தொலைபேசி எண்ணும் ஏன் முக்கியம்?

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். எழுபது வயது அம்மா ஒருவர் மூத்த மகனின் வீட்டிலிருந்து இளைய மகளின் வீட்டிற்குக் குடிபெயர்கிறார். மருத்துவர் நிலையப் பதிவில் மூத்த மகனின் முகவரியும், அவர் எப்போதோ கைவிட்ட கைப்பேசி எண்ணும் அப்படியே இருக்கின்றன. பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பொதி பழைய வீட்டிற்குச் செல்கிறது. இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்னும் குறுஞ்செய்தி யாரும் படிக்காத எண்ணுக்குச் செல்கிறது. நிலையம் செய்தி அனுப்பிவிட்டது. ஆனால் அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

பின்வரும் பரிசோதனைகளுக்கான அழைப்புகள், மருத்துவர் நிலையத்தில் நீங்கள் பதிந்துள்ள விவரங்களைக் கொண்டே அனுப்பப்படுகின்றன:

• கருப்பை வாய்ப் பரிசோதனை: 25 முதல் 64 வயது வரை.
• மார்பகப் பரிசோதனை: 50 வயது முதல் 71ஆம் பிறந்தநாள் வரை, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை.
• பெருங்குடல் பரிசோதனைப் பொதி: 50 முதல் 74 வயது வரை, 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டிற்கே அனுப்பப்படும்.
• நீரிழிவு நோயாளருக்கான கண் பரிசோதனை: 12 வயது முதல்.

இவற்றுடன், 40 முதல் 74 வயது வரை உள்ளோரில், இதய நோய், நீரிழிவு போன்ற நோய்கள் ஏற்கெனவே கண்டறியப்படாதவர்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்.எச்.எஸ் உடல்நலச் சோதனை வழங்கப்படுகிறது. இரண்டாம் வகை நீரிழிவுக்கான ஆபத்து பொதுவாக 40 வயதுக்குப் பின் கூடுகிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கோ 25 வயதிலிருந்தே கூடுகிறது. ஆகையால் தமிழ்க் குடும்பத்தினர் இத்தகைய அழைப்புகளைப் புறக்கணிக்கலாகாது.

ஒரே கைப்பேசி எண்ணைக் குடும்பத்தினர் பலர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அவ்வாறாயின், உங்கள் உடல்நலம் பற்றிய குறுஞ்செய்தியைப் பிறர் படிக்க நேரிடலாம். தனிமை காக்கப்பட வேண்டிய விடயம் எனில், உங்களுக்கே உரிய எண்ணைக் கொடுங்கள்; அல்லது நேரில் மட்டுமே தெரிவிக்குமாறு கேளுங்கள்.

பரிசோதனை முடிவுகள்

பரிசோதனைக்கு உத்தரவிட்ட மருத்துவரே அதன் முடிவைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் பொறுப்புடையவர். குடும்ப மருத்துவர் உத்தரவிட்ட பரிசோதனையின் முடிவைக் குடும்ப மருத்துவர் நிலையத்திலும், மருத்துவமனை நிபுணர் உத்தரவிட்ட பரிசோதனையின் முடிவை அம்மருத்துவமனையின் உரிய பிரிவிலும் கேட்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமையால் பலர் இரண்டு இடங்களுக்கும் மாறி மாறி அலைகின்றனர்.

முடிவுகளைத் தெரிவிக்கும் முறை நிலையத்திற்கு நிலையம் மாறுபடும். சில நிலையங்கள் ஒவ்வொருவருக்கும் முடிவைத் தெரிவிக்கும். சில நிலையங்கள் மேல்நடவடிக்கை தேவைப்படும்போது மட்டுமே தொடர்பு கொள்ளும். எனவே, பரிசோதனை செய்யும் நாளிலேயே பின்வரும் நான்கு வினாக்களைக் கேட்டு, விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. இந்தப் பரிசோதனை எதற்காகச் செய்யப்படுகிறது?
2. முடிவு எத்தனை நாட்களில் வரும்?
3. முடிவை எனக்கு யார், எவ்வழியில் தெரிவிப்பார்கள்?
4. அந்த நாளுக்குள் செய்தி வராவிட்டால் நான் யாரை, எந்த நேரத்தில் அழைக்க வேண்டும்?

குறித்த நாளில் செய்தி வராவிட்டால் நீங்களே அழையுங்கள். ‘அவர்களுக்குத் தொல்லை கொடுக்கலாகாது’ என்று தயங்க வேண்டியதில்லை. முடிவைக் கேட்பது உங்கள் உரிமை. வரவேற்பாளர் ‘முடிவு இயல்பாக உள்ளது’ என்று கூறிய பின்னும் உங்கள் உடல்நலக் குறை நீடித்தால் அல்லது அதிகரித்தால், மருத்துவரை மீண்டும் சந்திக்க நேரம் கேளுங்கள். ஒரு பரிசோதனையின் முடிவு இயல்பாக இருப்பது, நோய் எதுவும் இல்லை என்பதற்கான முழு உறுதி ஆகாது.

புற்றுநோய் இருக்கக்கூடும் என்னும் ஐயத்தால் மருத்துவர் உங்களை அவசரமாகப் பரிந்துரைத்தால், நோய் உள்ளதா இல்லையா என்பதை 28 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பதே என்.எச்.எஸ் பின்பற்றும் இலக்கு ஆகும். அவ்வாறு பரிந்துரைக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. எனினும், சந்திப்புக்கான நாள் குறித்த செய்தி இரண்டு வாரத்திற்குள் வராவிட்டால், பரிந்துரை சென்றடைந்ததா என்று உங்கள் நிலையத்தில் கேளுங்கள்.

தமிழில் விளக்கம் பெறுதல்

ஆங்கிலத்தில் பேசவோ புரிந்துகொள்ளவோ கடினமாக இருந்தால், மருத்துவச் சந்திப்பிற்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இதற்கு நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் நேரில் வரலாம். அல்லது தொலைபேசி, காணொளி வழியாக உதவலாம். மொழிபெயர்ப்புடன் நடைபெறும் சந்திப்பிற்குக் கூடுதல் நேரம் தேவைப்படும் என்பதையும் முன்பதிவின்போதே நினைவூட்டுங்கள்.

பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது நம்மிடையே வழக்கமாக உள்ளது. இது பாதுகாப்பான வழியன்று. சிறுவர்கள் மருத்துவச் சொற்களைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம். மாதவிடாய், சிறுநீர்க் கோளாறு, மனச்சோர்வு, குடும்ப வன்முறை போன்றவற்றைப் பெற்றோர் அவர்கள் முன் மறைத்துவிடலாம். கடுமையான நோய்ச் செய்தியை முதலில் தாங்க வேண்டியவர் ஒரு குழந்தையாக இருத்தல் கூடாது. 16 வயதுக்குட்பட்டோரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது என்பதே என்.எச்.எஸ் வழிகாட்டுதல் ஆகும். குடும்பத்தினர் ஆறுதலுக்காக உடனிருக்கலாம். மொழிபெயர்ப்பைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நன்று.

உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தல்

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் நிலையத்தில் பதிவு செய்துள்ள, 13 வயது நிரம்பிய எவரும் என்.எச்.எஸ் செயலியைப் பயன்படுத்தலாம். அதன் வழியாகத் தொடர் மருந்துகளை வேண்டலாம். பதிவில் உள்ள பரிசோதனை முடிவுகளையும் கடிதங்களையும் படிக்கலாம். 2023 அக்டோபர் இறுதி முதல், புதிதாகச் சேர்க்கப்படும் பதிவுகளை நோயாளர் இணையவழியில் பார்க்க வசதி அளிப்பது நிலையங்களின் ஒப்பந்தக் கடமையாக உள்ளது. அதற்கு முந்தைய பதிவுகளைப் பார்க்க நிலையத்தில் தனியே கேட்க வேண்டியிருக்கலாம்.

செயலியைப் பயன்படுத்தாதவர்களும் தம் பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறலாம். பொதுவாக இதற்குக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்திற்குள் நிலையம் பதிலளிக்க வேண்டும்.

மருத்துவர் உங்களுடன் பேசுவதற்கு முன்பே சில முடிவுகள் செயலியில் தோன்றக்கூடும். எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். பொருள் விளங்காதபோது நிலையத்தை அழைத்து விளக்கம் கேளுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

பெற்றோர், துணைவர், உடல் இயலாத உறவினர் ஆகியோரைக் கவனிப்பதை நம்மில் பலர் கடமையாகவே கருதுகின்றனர். ‘பராமரிப்பாளர்’ என்று தம்மை எண்ணுவதில்லை. ஆயினும் நிலையத்தில் அவ்வாறு பதிவு செய்துகொள்வது பயன் தரும். முதியவர் அல்லது இயலாதவர் ஒருவரின் முதன்மைப் பராமரிப்பாளருக்கு இலவசக் காய்ச்சல் தடுப்பூசி கிடைக்கும். சந்திப்பு நேரத்தை ஒழுங்கு செய்வதிலும் நிலையம் உங்கள் சூழலைக் கருத்தில் கொள்ள இயலும்.

நீங்கள் பராமரிப்பவரின் மருத்துவ விவரங்களை உங்களிடம் கூற, அவருடைய சம்மதம் தேவை. மகன், மகள், கணவன், மனைவி என்னும் உறவு மட்டுமே போதாது. அவர் தெளிவுடன் இருக்கும் காலத்திலேயே சம்மதத்தை எழுத்தில் கொடுத்து, பதிவில் சேர்க்குமாறு கேட்பது நன்று. அவர் சார்பில் இணையவழிச் சேவைகளைப் பயன்படுத்தவும் நிலையத்திடம் அனுமதி பெறலாம்.

சம்மதம் இல்லாதபோதும், நீங்கள் கூறுவதை நிலையப் பணியாளர்கள் கேட்டுக்கொள்ளலாம். ‘அப்பா இரண்டு நாட்களாக உண்ணவில்லை; பேச்சில் தடுமாற்றம் தெரிகிறது’ என்று நீங்கள் தெரிவிப்பதற்கு எத்தடையும் இல்லை. அவருடைய விவரங்களை உங்களிடம் வெளியிடுவதற்கே சம்மதம் வேண்டும்.

போலிச் செய்திகள் குறித்து எச்சரிக்கை

என்.எச்.எஸ் உங்கள் வங்கிக் கணக்கு விவரம், கடவுச்சொல், இரகசிய எண் ஆகியவற்றைக் கேட்பதில்லை. அவ்வாறு கேட்கும் செய்தி எதற்கும் பதிலளிக்காதீர்கள். அதிலுள்ள இணைப்பைத் திறக்காதீர்கள். ஐயம் எழுந்தால், செய்தியில் உள்ள எண்ணை விடுத்து, நீங்கள் முன்பே அறிந்த நிலைய எண்ணை அழைத்து உறுதி செய்யுங்கள்.

தகவல் கிடைக்காதபோது

முதலில் வரவேற்பாளரிடமோ நிலைய மேலாளரிடமோ பேசுங்கள். பெரும்பாலான குறைகள் இவ்வளவிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், நிலையத்திலோ உங்கள் பகுதியின் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியத்திலோ முறையீடு செய்யலாம். நிகழ்வு நடந்த, அல்லது அதனை நீங்கள் அறிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். முறையீடு கிடைத்ததை 3 வேலை நாட்களுக்குள் அவர்கள் உறுதி செய்ய வேண்டும். இறுதிப் பதிலிலும் நிறைவு இல்லையெனில், நாடாளுமன்ற மற்றும் சுகாதாரச் சேவை முறைகேள் அதிகாரியை அணுகலாம். முறையிட்டதன் காரணமாக உங்கள் சிகிச்சை பாதிக்கப்படலாகாது.

நிலையத்தின் நடைமுறையையே மேம்படுத்த விரும்புவோர், அங்குள்ள நோயாளர் பங்கேற்புக் குழுவில் சேரலாம். தமிழில் அறிவிப்பு வேண்டும், தொலைபேசியில் நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது என்பன போன்ற கருத்துகளை முன்வைக்க இக்குழு ஏற்ற இடமாகும்.

நிலையம் மூடியிருக்கும்போது

குடும்ப மருத்துவர் நிலையங்களின் அடிப்படைச் சேவை நேரம், பொது விடுமுறை நீங்கலாக, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணி முதல் மாலை 6.30 மணி வரை ஆகும். மற்ற நேரங்களில் விரைவான மருத்துவ ஆலோசனை தேவைப்பட்டால் 111 என்னும் எண்ணை அழையுங்கள். அங்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல், நிற்காத இரத்தப்போக்கு, நினைவிழத்தல் ஆகியவை ஏற்பட்டால், நிலையத்தின் பதிலுக்காகக் காத்திராமல் உடனே 999 என்னும் எண்ணை அழையுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் நிலையத்தை அழைத்து, உங்கள் பெயரிலும் நீங்கள் பராமரிப்பவர் பெயரிலும் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியானவையா என்று கேளுங்கள். அவர் சார்பில் உங்களுக்குச் சம்மதம் பதியப்படவில்லை எனில், அவரையும் உடன் வைத்துக்கொண்டு அழையுங்கள்.