தில்லையடியும் வடபுலத்துக் காணியும்: இடம்பெயர்ந்தோர் வாழ்வு, உடைமை, போக்குவரவு பற்றிய ஒரு நோக்கு

தில்லையடி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர் பலருக்கு நினைவில் வருவது தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ள ஊரும், தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்திற் சிறைசென்று 1914இல் மறைந்த வள்ளியம்மையுமேயாவர். இக்கட்டுரை கருதும் தில்லையடி அதுவன்று. இது இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் நகரை அடுத்து, களப்பின் அயலில் அமைந்த குடியிருப்பு. உப்புநீர்க் கரைகளில் வளரும் தில்லை மரத்தின் பெயரையே இரண்டு ஊர்களும் நினைவூட்டுகின்றன. அம்மரத்தின் பால் பட்டாற் கண் கெடும் என்பது கரையோர மக்கள் அனைவரும் அறிந்தது. பெயராராய்ச்சி நமது நோக்கமன்றாதலின் இவ்வளவோடு அமைவோம்.

புத்தளத்துத் தில்லையடி ஆராய்ச்சிக்குரியதாவது 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பின்னராகும். அம்மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சாவகச்சேரியில் மாத நடுவில் தொடங்கிய வெளியேற்றம் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளுக்குப் பரவி, ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரை எட்டியது. சோனகத் தெருவிலும் அதன் சூழலிலும் வாழ்ந்தோருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட பணமும் பொருளும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. நகையும் பணமும் காவலரண்களிற் பறிக்கப்பட்டமை எங்கும் பொதுவாயிருந்தது. வெளியேற்றப்பட்டோர் தொகை எழுபதினாயிரத்துக்கு மேல் என்பதில் ஆய்வாளரிடையே பெரும் வேறுபாடு இல்லை. ஒரு மக்கட் கூட்டத்தை அதன் சமய அடையாளம் காரணமாகவே ஒரு மாகாணத்திலிருந்து முற்றாக அகற்றிய இச்செயலுக்கு இனச்சுத்திகரிப்பு என்பதன்றி வேறு பெயர் பொருந்தாது. தமிழ்ப் புலமை உலகின் பெரும்பகுதி இச்சொல்லை உச்சரிக்க நெடுங்காலம் தயங்கியது என்பதையும் குறித்தல் வேண்டும்.

மன்னார்த் தீவினர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். யாழ்ப்பாணத்தவர் லொறிகளிலும் கால்நடையாகவும் வவுனியாவுக்கு வந்து அங்கிருந்து தெற்கே நகர்ந்தனர். இரு வழியினரிலும் பெரும்பாலார் ஈற்றில் தங்கிய இடம் புத்தளம் மாவட்டம். தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் அங்கு செறிந்திருந்தமையும், வடக்குக்கு அண்மையது என்பதும் இதற்குக் காரணங்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. அந்த எண்ணமே பின்னர் நேர்ந்த பல இடர்களுக்கு வித்தாயிற்று. சில நாட்களுக்கென வந்தவர் நிலம் வாங்கார், கிணறு தோண்டார், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழை மாற்றார்.

முதல் வாரங்களில் புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் வந்தோருக்கு இடமளித்து உணவும் சமைத்துக் கொடுத்தனர். பின்னர் தென்னந்தோட்டங்களிலும் களப்போரத் தரிசு நிலங்களிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஊர் ஊராக வந்தோர் ஊர் ஊராகவே அமர்ந்தனர். பாலாவிக்கு அருகே நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியின் பெயரால் ஒரு மகா வித்தியாலயமே இயங்குவதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஊரை விட்டோர் ஊரின் பெயரை விடவில்லை.

விருந்தோம்பல் என்றும் ஒரே நிலையில் நீடிப்பதில்லை. அதற்குப் பொருளியற் காரணம் உண்டு. வந்தோரில் தையற்காரர், இரும்பு வணிகர், இறைச்சி வணிகர், மீனவர், நெல் விவசாயிகள், ஆசிரியர் எனப் பல தொழிலினர் இருந்தனர். கடையும் வள்ளமும் வயலும் வடக்கில் நிற்க, கையோடு வந்தது உழைப்பு ஒன்றே. எனவே அவர்கள் உப்பளத்திலும் கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலும் இறால் பண்ணைகளிலும் நாட்கூலியாயினர். கூலிக்கு ஆள் மிகுந்தபோது கூலி தாழ்ந்தது. தாழ்ந்த கூலியின் ஆதாயம் தோட்டமுடையோரைச் சேர்ந்தது. கசப்போ உள்ளூர்க் கூலியாளுக்கும் வந்த கூலியாளுக்கும் இடையே வளர்ந்தது. பாடசாலை இடம், மருத்துவமனை வரிசை, நிவாரண அட்டை, குடிநீர் ஆகிய ஒவ்வொன்றிலும் இதே முரண்பாடு தோன்றியது. பல்கலைக்கழக அனுமதி மாவட்ட அடிப்படையில் அமைந்த நாட்டில், ‘யாருடைய மாவட்டம்’ என்ற வினாவும் எழுந்தே தீரும். இதனை ‘உள்ளூரார் பொறாமை’ என்றோ ‘அகதிகளின் நன்றியின்மை’ என்றோ விளக்குவோர் கூலிச் சந்தையைக் காணத் தவறுகின்றனர். ‘அகதி’ என்ற சொல்லும் சட்டப்படி இவர்களுக்கு உரியதன்று. நாட்டெல்லையைக் கடவாதோர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் எனப்படுவர். ஐக்கிய நாடுகளின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகள் இவ்வகையினரைக் கருதியே எழுந்தன. எனினும் தெருவில் வழங்கிய சொல் அகதிதான். அச்சொல்லோடு பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்று நடுவயதை நெருங்குகிறது.

இனி உடைமையைப் பற்றிச் சிறிது விரிவாக நோக்குதல் தகும்.

வடபுல முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு மணம் முடிக்கும்போது வீட்டைச் சீதனமாக எழுதுவது பரவலான வழக்கு. ஆதலின் 1990இல் வீடிழந்தவர் என்போர் பெரும்பாலும் பெண்கள். இழந்தது தங்குமிடம் மட்டுமன்று, தாய்வழியே கைமாறி வந்த சொத்து. ஷரிகா திராணகம 2011இல் வெளியிட்ட நூலின் தலைப்பே தாயின் வீட்டைச் சுட்டுவதாயிருப்பது தற்செயலன்று. நிவாரண அட்டைகளும் மீள்குடியேற்றப் படிவங்களும் ‘குடும்பத் தலைவர்’ என்ற பத்திக்குள் ஆணின் பெயரைக் கேட்டன. உறுதியில் ஒரு பெயரும் படிவத்தில் வேறு பெயரும் நின்றமையால் எழுந்த சிக்கலைக் கச்சேரிக் கோப்புகள் உரியவாறு கணக்கிற்கொண்டதில்லை.

காணி மூவகைப்பட்டது. உறுதியுள்ள தனியார் காணி ஒன்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய அரச காணி மற்றொன்று. எழுத்து ஏதுமின்றித் தலைமுறையாக ஆண்டுவந்த நிலம் மூன்றாவது. உறுதியைக் கையிற் கொண்டுவர முடியாதவர்கூடக் காணிப் பதிவகத்தில் ஏடு எஞ்சியிருந்தால் பிரதி பெறலாம். அனுமதிப்பத்திரக்காரருக்குப் பிரதேச செயலகத்தின் தயவு வேண்டும். மூன்றாம் வகையினருக்கு அயலாரின் சாட்சி ஒன்றே ஆதாரம். அயலாரும் இடம்பெயர்ந்திருப்பின் அதுவும் இல்லை.

உறுதியிருந்தும் இடர் தீர்ந்ததில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளரின் உரிமையை ஏற்காது பத்தாண்டு தடையின்றி ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். 1990 ஒக்டோபரிலிருந்து எண்ணினால் பத்தாண்டு 2000 ஒக்டோபரில் நிறைகிறது. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி திறந்ததோ 2002இல், போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர். ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டவர் திரும்பிச் சென்று வழக்குத் தொடர வழியின்றியிருந்த காலத்தையே, அவர் வாளாவிருந்த காலமாகச் சட்டம் கணக்கிட்டது. பார்த்துக்கொள்ளுமாறு உரிமையாளர் விட்டுச்சென்ற அயலவருக்கு இவ்வுரித்து எளிதில் எழாது. ஆனால் அவரிடமிருந்து மூன்றாவது ஒருவர் வாங்கியிருந்தால் வழக்கு நீளும். இக்குறையை நீக்கவே 2016இல் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலெடாது விடுமாறு அச்சட்டம் பாதிக்கப்பட்டோருக்கு வழிசெய்தது. நல்ல சட்டமே, ஆனால் காலங்கடந்து வந்த சட்டம். இடையிற் பலர், கூரையும் கதவும் நிலையும் கழற்றப்பட்டு மரம் முளைத்துக் கிடந்த வீட்டை, கிடைத்த விலைக்குத் தரகர் வழியே விற்றுவிட்டனர். பிள்ளையின் திருமணத்துக்கோ தில்லையடியில் ஒரு துண்டுக் காணிக்கோ அப்பணம் தேவைப்பட்டது. அத்தகைய விற்பனையை ‘விரும்பி விற்றனர்’ என்று பதிவது, பசியால் விற்றவனை வணிகன் என்பது போலாகும்.

புத்தளத்தில் வாங்கிய நிலத்தின் அளவு ஏக்கரிலன்று, பேர்ச்சில் எண்ணப்படுவது. 2007இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் கிடுகுக் கொட்டிலைக் கல்வீடாக்க உதவியது. ஆனால் நிலத்துக்கு உரித்துக் காட்டக்கூடியோருக்கே அதன் பயன் எளிதிற் கிட்டியது. நிலமற்றோர் வீடுமற்றோராயினர். வந்தோரிடையே உருவான வர்க்க வேறுபாட்டை இத்திட்டம் தோற்றுவித்ததென்று கூறுதல் மிகை. அதனைச் சுவரும் கூரையுமாகக் கண்ணுக்குப் புலப்படுத்தியது எனலாம்.

போர் 2009 மேயில் முடிந்தது. நிவாரண நிறுவனங்களும் அரசும் இடம்பெயர்ந்தோரைப் ‘பழையோர்’, ‘புதியோர்’ என வகுத்து, 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர்க்கு முன்னுரிமை அளித்தன. வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தோரின் துயரம் அவசரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘பழையோர்’ என்ற பெயர், காத்திருந்த காலத்தையே தகுதிக்குறைவாக மாற்றிற்று. இதற்கிடையிற் குடும்பங்கள் பெருகின. 1990இல் ஒரு வளவில் ஒரு குடும்பமாக இருந்தோர் இருபதாண்டின் பின் மூன்று நான்கு குடும்பங்களாயினர். வளவோ அதே வளவு. ‘உமது காணி அங்குண்டு, போய் இரும்’ என்று கூறும் அதிகாரி ஒரு குடும்பத்தை எண்ணுகிறார். அவர் எதிரே நிற்பவர் மூன்று மருமக்களையும் பேரப்பிள்ளைகளையும் எண்ணுகிறார். எருக்கலம்பிட்டியிற் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவியியற் பேராசிரியராக விளங்கி 2018இல் மறைந்த எஸ். எச். ஹஸ்புல்லாஹ், வடபுல முஸ்லிம்களின் மீள்திரும்பும் உரிமையைத் தொடர்ந்து வலியுறுத்திவந்தார். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் இவர்களின் மீள்குடியேற்றத்தைத் தனியே கவனித்தது. பரிந்துரைக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

தூரம் என்றதும் போக்குவரவைக் கூறாதிருத்தல் இயலாது. புத்தளத்திலிருந்து மன்னாருக்கு நேர்வழி கரையோரமானது: எழுவன்குளத்திற் கலா ஓயாவைக் கடந்து, வில்பத்து வனப் பூங்காவின் மேற்குப் பகுதியூடாக, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியே செல்வது. முத்துக்குளிப்புக் காலத்தில் வணிகர் நடமாடிய பழங்கரை இதுவே. போர்க்காலத்தில் அடைபட்ட இவ்வழி பின்னர் திறக்கப்பட்டபோது, தேசியப் பூங்காவினூடே பொதுவீதி கூடாதெனச் சூழலியல் அமைப்புகள் 2010இல் உயர் நீதிமன்றை நாடின. மாரியில் ஆறு பெருகினால் தாம்போதி மூழ்கி வழி தானே மூடும். மற்றைய வழி அநுராதபுரம், மதவாச்சி சுற்றியது. நாளும் காசும் மிகுதியாகக் கேட்பது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் தலைமன்னாருக்கும் புகையிரதம் மீண்டும் ஓடியது உண்மை. ஆயின் புத்தளத்தின் இருப்புப்பாதை கொழும்பு நோக்கியதேயன்றி வடக்கு நோக்கியதன்று. தில்லையடியிலிருந்து தன் வளவைத் துப்புரவாக்கச் செல்பவர் பஸ்ஸிற் சென்று, உறவினர் வீட்டில் இரவு தங்கி, இரு நாட் கூலியை இழந்து மீள்கிறார். 2022இல் எரிபொருள் கிடைக்காது கட்டணம் ஏறியபோது, இரண்டூர் வாழ்வின் முதற் செலவாக வெட்டப்பட்டது இப்பயணமே.

முசலிப் பிரதேசத்தார்க்கு வேறொரு தடையும் நேர்ந்தது. அவர்கள் இல்லாத இருபதாண்டில் ஊர்மனைகளிற் காடு வளர்ந்தது. மோதரகம் ஆற்றின் வடக்கே, மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களின் அயல் நிலங்கள் 2012இல் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டன. 2017இல் மாவில்லுக் காடொதுக்க அறிவித்தல் வெளியாயிற்று. மீள்குடியேற்றத்துக்கெனக் காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, அமைச்சராயிருந்த ரிஷாட் பதியுதீன் தம் செலவில் மரம் மீள நாட்ட வேண்டுமெனக் கட்டளையிட்டது. காட்டைக் காத்தல் வேண்டும். அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் ‘வில்பத்து அழிகிறது’ என்று எழுந்த பரப்புரையில், பூங்காவுக்கு வெளியே ஆற்றின் வடக்கே பழைய ஊர்மனைகளும் இருந்தன என்ற செய்தி மறைந்துபோயிற்று. அரசியல்வாதியொருவரின் செயலும், 1990இல் துரத்தப்பட்ட உழவரின் உரித்தும் ஒரே வழக்காகக் காட்டப்பட்டன. பழைய ஊர் எல்லைகளை அளந்து ஒதுக்கக் காட்டு எல்லையோடு ஒப்பிடுவது நில அளவையாளர் செய்யக்கூடிய வேலை. அது பகைமைப் பரப்புரைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது.

வாக்குரிமையும் இவ்வழியையே பயணம் செய்கிறது. புத்தளத்தில் வாழ்ந்து மன்னாரில் வாக்காளராகப் பதிந்தோர் தேர்தல் நாளில் பஸ் வரிசைகளில் வடக்கே செல்வர். 2019 நவம்பர் 16ஆம் நாள், சனாதிபதித் தேர்தலன்று, அவ்வாறு சென்ற பஸ்கள் தந்திரிமலையில் வழிமறிக்கப்பட்டுக் கல்லெறியும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. பதிவை மாற்றினால் வடக்கில் உரித்து நலியும் என்பது மக்களின் அச்சம். மாற்றாவிடின் வசிக்குமிடத்தில் வீதிக்கும் வடிகாலுக்கும் குரலில்லை.

2002 ஏப்ரலிற் கிளிநொச்சியில் நிகழ்ந்த பத்திரிகையாளர் மாநாட்டில் விடுதலைப் புலிகள் இவ்வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்து, முஸ்லிம்கள் திரும்பலாம் என்றனர். திரும்புதல் என்பதைக் கொள்கையாளர் பெரும்பாலோர் ஒரு நாளில், ஒரு லொறியில், ஒரே திசையில் நிகழ்வதாகவே கருதிவந்துள்ளனர். தில்லையடியிற் காணப்படுவது வேறு. முதியோர் சோனகத் தெருவில் ஓர் அறையைக் கூரையிட்டுச் சில மாதம் தங்குகின்றனர்; மகன் அங்கு கடை வைத்து வார இறுதியில் மீள்கிறான்; மகள் புத்தளத்தில் ஆசிரியை; பேரப்பிள்ளைக்கு வடக்கு பாட்டியின் பேச்சில் மட்டும் உள்ள ஊர். திரும்பியவராகப் பதிந்தால் புத்தளத்து உதவி நிற்கும், பதியாவிடின் வடக்கில் உதவியில்லை என்ற விதி, இரண்டிடத்தும் காலூன்றி வாழும் இக்குடும்பங்களைப் பொய்யராக்கிற்று. வசிப்பிடமும் உடைமையும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டுமென்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. கொழும்பிற் பணிபுரிந்து யாழ்ப்பாணத்தில் வளவு வைத்திருக்கும் தமிழ் உத்தியோகத்தரிடம் எவரும் ‘எது உமது ஊர்’ என்று அட்டை கேட்டதில்லை.