சறுக்குப்பலகையின் வடிவமும் ஓட்ட இயல்பும்: ஒரு விளக்கநிலை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப்பலகையின் அகலம், அச்சிடைத் தொலைவு, வால், குழிவு ஆகிய நான்கு வடிவக் கூறுகள் ஓட்டத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை எளிய இயக்கவியல் அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது. வடிவத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஓர் இயல்பைக் கூட்டும்போது மற்றொன்றைக் குறைக்கிறது என்பது இதன் மையக்கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: சறுக்குப்பலகை, அச்சிடைத் தொலைவு, நிலைமத் திருப்புத்திறன், குழிவு, நெம்புகோல்.

முன்னுரை

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப்பலகை விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. அங்கு அது தெரு, பூங்கா என்னும் இரு பிரிவுகளாக நடத்தப்பட்டது. முன்னது படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை போன்றவற்றைக் கொண்ட களம். பின்னது வளைந்த சுவர்களையுடைய கிண்ணம் போன்ற களம். ஒரே விளையாட்டாயினும் இவ்விரு களங்களும் பலகையிடம் வெவ்வேறு இயல்புகளை வேண்டுகின்றன. இதனை அறியாமல் பலகை வாங்கும் தொடக்கநிலையாளர், வடிவத்தால் நேரும் தடுமாற்றத்தைத் தம் திறமைக் குறைவாகக் கருதிப் பயிற்சியையே கைவிட நேரலாம். எனவே வடிவத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குவது பயனுடையதாகும்.

பலகையின் அமைப்பும் வரலாறும்

இன்றைய பலகை பொதுவாக ஏழு மேப்பிள் மரத்தாள்களைப் பசையிட்டு அச்சில் அழுத்திச் செய்யப்படுகிறது. அதன் முன்பகுதி மூக்கு என்றும் பின்பகுதி வால் என்றும் வழங்கப்படுகின்றன. அடியில் ட்ரக் எனப்படும் இரண்டு அச்சுத்தாங்கிகள் பொருத்தப்படுகின்றன. ஓட்டுநர் ஒருபக்கம் சாயும்போது அச்சுத்தாங்கியிலுள்ள மீள்தன்மையுடைய வளையங்கள் அழுந்தி, அச்சுகள் திரும்புகின்றன.

தொடக்கத்தில் பலகைகள் தட்டையாகவே இருந்தன. மேல்நோக்கி வளைந்த வாலுக்கு லாரி ஸ்டீவன்சன் 1971இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1970களின் பிற்பகுதியில் ஆலன் கெல்ஃபான்ட் கையால் பிடிக்காமலேயே பலகையுடன் எழும்பும் ‘ஆலி’ உத்தியை வளைசுவர்களில் உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதனைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் இருமுனைகளும் வளைந்து, ஏறத்தாழச் சமச்சீராக அமைந்த வடிவம் 1990களில் நிலைபெற்றது. புதிய உத்திகளே புதிய வடிவத்தை வேண்டின என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

அகலம்

ஓட்டுநரின் பாதம் பலகையின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி அழுத்துகிறதோ, அவ்வளவுக்குத் திருப்புவிசை மிகுகிறது. ஆகவே அகன்ற பலகையைச் சாய்ப்பது எளிது. பாதத்துக்கு இடமும் மிகுதி. உயரத்திலிருந்து இறங்கும்போது கால் தவறும் வாய்ப்பும் குறைகிறது.

எனினும் பலகையை நீளவாட்டில் சுழற்றும் ‘கிக்ஃப்ளிப்’ போன்ற உத்திகளில் இதே அகலம் தடையாகிறது. ஒரே நீளமும் தடிமனும் கொண்ட பலகைகளில், நீளவாட்டு அச்சைப் பொறுத்த நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ அகலத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமையும். அகலம் 8 அங்குலத்திலிருந்து 8.5 அங்குலமாகக் கூடினால், அகலத்தின் உயர்வு 6 விழுக்காடே. ஆனால் மரப்பலகையின் நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுகிறது. அரை அங்குல வேறுபாட்டைக் கால் உடனே உணர்வதன் காரணம் இதுவே.

அச்சின் அகலமும் பலகைக்கு ஒத்திருத்தல் வேண்டும். சக்கரங்களுக்கு வெளியே பலகை மிகுதியாக நீண்டிருந்தால், விளிம்பில் விழும் எடை மறுபக்கச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும்.

அச்சிடைத் தொலைவு

முன், பின் அச்சுகள் ஒரே கோணத்தில் எதிரெதிர்த் திசையில் திரும்புவதாகக் கொண்டால், திரும்பும் வட்டத்தின் ஆரம் அச்சிடைத் தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொலைவு 14 அங்குலம், ஒவ்வோர் அச்சும் திரும்பும் கோணம் 10 பாகை எனில், ஆரம் ஏறத்தாழ 40 அங்குலமாகும். தொலைவு 28 அங்குலமானால் ஆரமும் இருமடங்காகி ஏறத்தாழ 80 அங்குலமாகும். ஆதலால் நீண்ட பலகை விரைவான இறக்கங்களில் சிறு அசைவுகளுக்குத் தடம் மாறாமல் அமைதியாக ஓடுகிறது. குறுகிய இடத்தில் திரும்புவதற்கோ அது ஏற்றதன்று.

வாலும் மூக்கும்

ஆலி உத்தியில் வால் ஒரு நெம்புகோலாகச் செயற்படுகிறது. பின்சக்கரங்களே அதன் ஆதாரப்புள்ளி. நீண்ட வால் குறைந்த விசையில் அழுந்தும். ஆயின் வால்நுனியின் உயரம் மாறாதபோது, நீளம் கூடக்கூடப் பலகை எழும் கோணம் குறையும். நுனியின் உயரத்தைக் கூட்டினால் கோணம் பெருகும். ஆனால் நுனி தரையைத் தொடுவதற்குக் கடக்கவேண்டிய தொலைவும் கூடுவதால், உத்தியின் விரைவு குறையும். மூக்கும் வாலைப்போல் வளைந்திருப்பதால், முன்காலின் உராய்வு பலகையை மேலே இழுத்துச் சமன்செய்ய ஒரு பிடிப்பு கிடைக்கிறது.

குழிவு

ஒரு தாளை ஓரத்தில் பிடித்து நீட்டினால் அது தொங்கிவிடும். அதன் இருபக்க விளிம்புகளையும் சற்று மேலே வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். பலகையின் குறுக்குவாட்டுக் குழிவும் இவ்வாறே அதன் விறைப்பைக் கூட்டுகிறது. மேலும், உயர்ந்த விளிம்பால் ஓட்டுநர் கண்ணால் நோக்காமலேயே தம் பாதம் இருக்கும் இடத்தை அறிகிறார். பலகையைச் சுழற்றும்போது விரல்களுக்குப் பற்றுக்கோடும் கிடைக்கிறது. குழிவு மிகுதியானால் நெடுநேர ஓட்டத்தில் பாதம் களைப்படையும். நின்ற நிலையை மாற்றுவதும் கடினமாகும்.

முடிவுரை

அகலம் நிலைப்பைத் தந்து சுழற்சியை மெதுவாக்குகிறது. அச்சிடைத் தொலைவு விரைவில் உறுதியைத் தந்து திருப்பத்தைப் பெரிதாக்குகிறது. உயர்ந்த வால் எழுச்சியைத் தந்து விரைவைக் குறைக்கிறது. ஆழ்ந்த குழிவு பிடிப்பைத் தந்து பாதத்தின் ஓய்வைக் கெடுக்கிறது. எனவே எல்லாக் களங்களுக்கும் பொருந்தும் சிறந்த வடிவம் என ஒன்று இல்லை என்பது பெறப்படுகிறது. ஓட்டுநர் முதலில் தம் களத்தையும் உத்தியையும் முடிவுசெய்து, அதன்பின் அகலம், அச்சிடைத் தொலைவு, வால், குழிவு என்னும் வரிசையில் பலகையைத் தேர்ந்தெடுத்தல் தகும். பயிற்றுநரும் மாணவரின் தடுமாற்றத்தை மதிப்பிடுமுன் அவர் காலடியிலுள்ள பலகையை ஒருமுறை அளந்து பார்த்தல் நன்று.