கீசர் தகட்டில் ஒரு கணக்கு

கீசரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கும். அது ஓடும்போது எலக்ட்ரீஷியனின் கிளாம்ப் மீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் காட்டும். மீட்டரின் வாய்க்குள் ஃபேஸ் ஒயர் மட்டும்தான் இருக்க வேண்டும். நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி முள் பூஜ்யத்திலேயே நிற்கும்.

இந்த இரண்டு அளவும் போதும். பெருக்கினால் மின்திறன்: 230 × 8.7 = 2001 வாட். வகுத்தால் மின்தடை: 230 ÷ 8.7 = 26.4 ஓம். தொட்டியைக் கழற்றாமலே உள்ளே இருக்கும் சுருளின் தடை தெரிந்துவிடுகிறது.

இன்று இது சாதாரண வகுத்தல். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓமுக்கு அது லேசில் கிடைக்கவில்லை. பூட்டுத் தொழிலாளியின் மகன் அவர். அன்றைய மின்கலங்கள் இணைத்த சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். அழுத்தம் நிலையாக நிற்காதபோது அளவுகளில் எந்த ஒழுங்கும் பிடிபடாது. அதனால் அவர் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டின் வெப்பநிலையும் மாறாதது என்பதால், அதில் பிறந்த மின்னழுத்தமும் மாறவில்லை. பிறகு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைச் சுற்றில் மாட்டி மின்னோட்டத்தை அளந்தார். 1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். விதியைவிட, அந்த நிலையான அழுத்தத்தை உண்டாக்கியதையே நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

மாலை நேரத்தில் வோல்ட்டேஜ் 180-க்கு இறங்கினால் கீசர் ஏன் அப்படிச் சோர்கிறது? தடை ஏறக்குறைய அதேதான். கரண்ட் 6.8 ஆம்பியராகக் குறையும். இரண்டையும் பெருக்கினால் 1224 வாட். வோல்ட்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. அழுத்தம் குறையும்போது கரண்டும் கூடவே குறைவதால் வரும் இரட்டை இழப்பு இது.

ஃபேன், மிக்ஸி போன்ற மோட்டார்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. மாறுமின்னோட்டத்தில் அவற்றின் வோல்ட்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. வெறும் பெருக்கல் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாகக் காட்டும்.

உயிரைக் காக்கும் கணக்கு இன்னொன்று. கம்பியில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1841-இல் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்டார். கீசர் பிளக்கின் பின் சாக்கெட்டில் இறுகப் பிடிக்காமல், அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிறது என்று வையுங்கள். கரண்ட் 8.5 ஆம்பியர். 8.5 × 8.5 × 0.5 = 36 வாட். டிவி மெக்கானிக் ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிகச் சூடு, பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள். கரண்ட் கூடவில்லை, சற்றுக் குறைந்தேதான் இருக்கிறது. அதனால் எம்சிபி டிரிப் ஆகாது, ஃப்யூஸும் போகாது.

பிளக் தொட்டால் சுடுகிறது, சாக்கெட்டின் ஓரம் பழுப்பேறுகிறது என்றால் கீசரைப் போடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சாக்கெட்டை மாற்றி, ஒயர் முனைகளின் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள்.